புதுப்பிப்பு: மகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்

பதினோராம் வகுப்பு படிக்கும் மகள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், இது வயதுக் கோளாறுதானா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். மருத்துவரிடம் காட்டச் சொல்லி வற்புறுத்திய அனைவருக்கும் நன்றி. மனச்சோர்வு என்று மனநல மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார்.

நான் அழுகையைத்தான் அறிகுறியாக நினைத்திருந்தேன். இந்த வயதில் மனச்சோர்வு எரிச்சலாகவும் வெளிப்படுமாம். தூக்கம், பசி, படிப்பு, நட்பு ஆகியவற்றில் மாற்றம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் தாமதிக்கக் கூடாது என்றார். எங்கள் வீட்டில் எல்லாமே இருந்தன. தயிர்சாதம் டப்பாவில் தொடாமலே திரும்பி வந்தது. அவள் உயிராக நினைத்த வீணையின் உறைமேல் தூசி படிந்திருந்தது. துடைத்து வைத்தேனே தவிர, ஏன் வாசிப்பதில்லை என்று கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

"சாகத் தோன்றியதா?" என்று மருத்துவர் நேராகவே கேட்டபோது பதறிவிட்டேன். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது, பேசத்தான் வழி பிறக்கும் என்றார். "இல்லை, ஆனால் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை" என்றாள் மகள்.

இப்போதைக்கு மருந்து இல்லை, வாரந்தோறும் ஆலோசனை மட்டும். மருத்துவரை உடனே பார்க்க இயலாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

நேற்று டப்பா பாதி காலியாக வந்தது. அடுத்த சந்திப்பு வியாழக்கிழமை.