கராஜில் கிடந்த ரூஜ் ரிவர் (எங்கள் குடும்பக் குழுவிலிருந்து)

தம்பி: கராஜைத் துப்புரவாக்கினேன். அப்பாவின் பெட்டிக்குள் ஒரு தேர்தல் துண்டுப்பிரசுரம் கிடந்தது. ஒன்ராறியோ மாகாண இடைத்தேர்தல், ரொறன்ரோவின் ஸ்காபரோ–ரூஜ் ரிவர் தொகுதி, 2016 செப்டெம்பர் 1. நாங்கள் ரூஜ் பார்க் தொகுதி அல்லவா? இது எது?

பெரியப்பா: எறிந்துவிடாதே தம்பி, எனக்கு எடுத்து வை. குடியுரிமை எடுத்த பிறகு நான் போட்ட முதல் வாக்கு அந்தத் தொகுதியில்தான், 1999இல். அந்தத் தொகுதிக்கும் அதுதான் முதல் தேர்தல்.

நான்: அதற்கு முதல் இந்த இடம் எதற்குள் இருந்தது?

பெரியப்பா: பெரும்பகுதி ஸ்காபரோ நோர்த். 1996இல் மாகாண முதல்வர் மைக் ஹரிஸின் அரசு சட்டம் போட்டு, ஒன்ராறியோவின் 130 ஆசனங்களை 103 ஆக வெட்டியது. மத்திய தொகுதிகளின் எல்லையையே மாகாணத்துக்கும் வைத்தார்கள், பெயரையும் சேர்த்து. 401 நெடுஞ்சாலைக்கு வடக்கே ஸ்டீல்ஸ் வீதி வரை. எங்கள் மால்வெர்ன் பகுதி முழுக்க ஒரே தொகுதிக்குள் இருந்த காலம் அது.

சின்னம்மா: அல்வின் கேர்லிங்கைச் சொல்லுங்கள் அத்தான்.

பெரியப்பா: ஓம், அவரைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜமேய்க்காவில் பிறந்தவர். 1985இலிருந்து ஸ்காபரோ நோர்த் உறுப்பினர், வீடமைப்பு அமைச்சராகவும் இருந்தவர். 1995 டிசம்பரில் ஹரிஸ் அரசு, பல சட்டங்களை ஒரேயடியாக மாற்றும் 26ஆம் இலக்கச் சட்டமூலத்தை அவசரமாக நிறைவேற்றப் பார்த்தது. இவர் வாக்களிக்கவும் மாட்டேன், வெளியே போகவும் மாட்டேன் என்று கதிரையிலேயே இருந்துவிட்டார். எதிர்க்கட்சிக்காரர் சுற்றி நின்று காவல் காத்தார்கள். ஏறக்குறைய 18 மணித்தியாலம், இரவிரவாக! கடைசியில் அந்தச் சட்டமூலத்துக்கு மக்கள் கருத்தைக் கேட்க அரசு சம்மதித்தது. அப்படிப்பட்டவர்தான் ரூஜ் ரிவரின் முதல் உறுப்பினர். 2003இல் சபாநாயகரும் ஆனார்.

தம்பி: ராதிகா சிற்சபைஈசன் வென்றதும் இந்தத் தொகுதிதானா?

நான்: பெயர் ஒன்று, பாராளுமன்றம் வேறு. அவர் 2011இல் மத்திய தொகுதியில் வென்றார். கனடியப் பாராளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர்.

சின்னம்மா: மாகாணத் தொகுதியில் கடைசிவரை ஒரு தமிழரும் வெல்லவில்லை. எனக்கு அது இன்றைக்கும் கவலைதான். 2016இல் லிபரல் கட்சியில் பிரகல் திரு, என்டிபி என்ற புதிய ஜனநாயகக் கட்சியில் நீதன் சாண். இரண்டு பேரின் வாக்கையும் கூட்டினால் வென்றவரை விட எவ்வளவோ கூட.

பெரியப்பா: அப்படிக் கூட்டக்கூடாது பிள்ளை. இரண்டு பேரும் வேறு கட்சி, வேறு கொள்கை. வாக்கு தமிழருக்கென்று உறுதி எழுதி வைத்த காணி இல்லை. வென்ற ரேமண்ட் சோ 1991இலிருந்து நகர அரசியலில் இருந்தவர். இந்தத் தெருக்கள் அவருக்குத் தெரியும், இந்தச் சனத்துக்கு அவரைத் தெரியும். 1988இல் மத்திய தேர்தலில் என்டிபியில் நின்று தோற்றார், 2014இல் மாகாணத்தில் கன்சர்வேடிவில் நின்று தோற்றார். 79 வயதில் வென்றார். நான் அவருக்குப் போடவில்லை, ஆனால் அந்த வெற்றி அவர் உழைத்து எடுத்தது.

நான்: அவர் விட்டுப்போன நகரசபை வட்டாரத்தில்தான் நீதன் 2017இல் வென்றார் சின்னம்மா.

சின்னம்மா: சரி, அது ஒரு ஆறுதல்.

தம்பி: அப்போ தொகுதி எப்படி இல்லாமல் போனது?

பெரியப்பா: மத்திய தொகுதி 2015இலேயே போய்விட்டது. மாகாணத்தில் மட்டும் மூன்று வருடம் இழுபட்டது. அந்த மூன்று வருடமும் ஒரே வீட்டுக்கு மத்திக்கு ஒரு தொகுதி, மாகாணத்துக்கு இன்னொன்று. யாரிடம் முறையிடுவது என்று சனம் என்னைக் கேட்டது. 2018 தேர்தலோடு இதையும் ஸ்காபரோ நோர்த், ஸ்காபரோ–ரூஜ் பார்க் என்று பிரித்தார்கள். மால்வெர்னும் இரண்டாகியது. நோர்த்தில் சோ, ரூஜ் பார்க்கில் விஜய் தணிகாசலம். எனக்கு மால்வெர்னைப் பிரித்ததுதான் பிழை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், ஒரே கடை. ஒரு பிரச்சினைக்கு இரண்டு அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

தம்பி: பெரியப்பா, பிரசுரத்தின் பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில் வீட்டு இலக்கங்கள் எழுதியிருக்கிறது. ஒன்பது வீடு. சிலதுக்குப் பக்கத்தில் சரி அடையாளம்.

பெரியப்பா: அது நடக்க ஏலாத வயதுபோன ஆக்களின் பட்டியல். அன்றைக்கு உன் அப்பா காரில் ஏற்றிக்கொண்டுபோய் வாக்குப் போட வைத்தவர். படம் எடுத்துப் போடு, யார் வீடு என்று நான் சொல்கிறேன்.