லயத்துக் காம்பராவும் உடலைப் பற்றிய திருச்சபையின் போதனையும்: ஒரு விவாதம்

அட்டன் மறையாசிரியர்

அண்மையில் எங்கள் பங்கில் நடந்த திருமண ஆயத்த வகுப்பில், செயற்கைக் கருத்தடையைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏன் ஏற்பதில்லை என்ற கேள்வி எழுந்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், அல்லது தோட்டத்தில் பிறந்து கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறவர்கள். அவர்களிடம் இப்போதனை வெறும் தடைகளின் பட்டியலாகவே வந்து சேர்ந்திருக்கிறது. எனவே அதன் உள்ளடக்கத்தை இங்கே வைக்கிறேன். மலையகக் குடும்பங்களுக்கு அது பொருந்தும் என்பதே என் நிலைப்பாடு. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் 1968 ஜூலை 25ஆம் திகதி ஒப்பமிட்ட ‘மனித உயிர்’ என்ற சுற்றுமடல், தம்பதியரின் உடலுறவுக்கு இரண்டு பொருள்கள் உண்டு என்கிறது. அது இருவரையும் ஒன்றாக்குகிறது. உயிரைத் தோற்றுவிக்கவும் திறந்திருக்கிறது. இவ்விரண்டையும் மனிதர் தம் விருப்பப்படி பிரித்துவிடக் கூடாது என்பதே அம்மடலின் மையம். பிள்ளைகளை வரிசையாகப் பெற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. உடல்நிலையையும் வருமானத்தையும் ஏற்கெனவே உள்ள பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்து, தக்க காரணம் இருந்தால் கருவளமற்ற நாள்களைக் கணித்துப் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடலாம் என்று அதுவே கூறுகிறது. பன்னிரண்டாம் பயஸ் 1951 ஒக்டோபரில் இத்தாலிய மருத்துவிச்சிகளுக்கு ஆற்றிய உரையிலேயே இந்த வழி ஏற்கப்பட்டுவிட்டது.

பின்னர் இரண்டாம் யோவான் பவுல் 1979 செப்டெம்பர் முதல் 1984 நவம்பர் வரை, புதன்கிழமைப் பொதுச் சந்திப்புகளில் 129 உரைகளாக இதற்கு அடித்தளம் இட்டார். உடலின் இறையியல் என்று நாம் இன்று அழைப்பது அதைத்தான். மனிதர் உடலை ஒரு கருவியைப் போல வைத்திருப்பவர் அல்லர், உடலாகவே இருப்பவர். ஆணும் பெண்ணும் தம்மையே ஒருவருக்கொருவர் கொடையாகக் கொடுப்பதை உடலே வெளிப்படுத்துகிறது என்பது அதன் சாரம். மாதவிலக்கு நாள்களில் பெண்ணைத் தீட்டு என்று இஸ்தோப்பின், அதாவது முன்திண்ணையின், மூலையில் ஒதுக்கும் வழக்கம் நம் கத்தோலிக்கர் வாழும் லயங்களிலும் (தோட்டத்து வரிசை வீடுகளிலும்) இன்னும் முற்றாக ஒழியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண் தம்மைத் தொட்டபோது இயேசு அவளை விலக்கவில்லை என்று மாற்கு தம் நற்செய்தியில் எழுதியதைப் பூசையில் கேட்கிறோம். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம். உடல் நல்லது என்று சொல்லும் போதனை நமக்கு வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

பண்டாரவளைத் தாதி

ஆசிரியர் அவர்களே, நான் கத்தோலிக்கப் பெண். ஊவாவின் தோட்டங்களிலும் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். தீட்டைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதற்குமேல் உங்களோடு வர என்னால் முடியவில்லை.

கருவளநாள்களைக் கண்டறிய ஒரு பெண் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் வகுப்பில் யாராவது விளக்கினார்களா? மெல்பேர்ணைச் சேர்ந்த பில்லிங்ஸ் தம்பதியர் உருவாக்கிய முறையில், பிறப்புறுப்பில் சுரக்கும் சளியின் தன்மையை நாள்தோறும் கவனித்துக் குறித்துவைக்க வேண்டும். அதற்குத் தனிமை வேண்டும், கழிப்பறை வேண்டும், வெட்கமின்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டும். இவை எல்லாவற்றையும்விட, குறித்த நாள்களில் விலகியிருக்கும் கணவன் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் (அறையில்) மாமியாரும் பிள்ளைகளும் ஒரே வரிசையில் படுத்திருக்க, விடியற்காலை பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடி, அன்றைய கொழுந்துக் கிலோவை எடுக்காவிட்டால் அரைப் பேரோடு (அரைநாள் சம்பளத்தோடு) திரும்புகிற ஒருத்தியிடம் இவற்றில் எது இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு முதல் ஆறு மாதங்கள், தாய்ப்பாலை மட்டுமே இரவும் பகலும் கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால், மறுபடி கருத்தரிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இயற்கை வழியை விரும்புகிறவர்கள் இதைப் பெரிதும் நம்புகிறார்கள். ஆனால் சட்டப்படியான பிரசவ விடுமுறை 84 நாள். அது முடிந்ததும் குழந்தை தோட்டத்துப் பிள்ளை மடுவத்திலும் (காப்பகத்திலும்) தாய் மலையிலும் இருப்பார்கள். இடையிடையே வந்து பால் கொடுத்தாலும் அந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. இயற்கையே கொடுத்த இடைவெளியைக்கூட நம் பெண்களிடமிருந்து வேலை பறித்துக்கொண்டது. இந்த நிலையில் கருத்தடை மாத்திரையும் ஊசியும் பாவம் என்று அவர்களிடம் எந்த மனத்தோடு சொல்வது?

விலகியிரு என்று கணவனிடம் சொல்லும் உரிமையும் அவளுக்கு உறுதியாக இல்லை. நம் தண்டனைச் சட்டக்கோவையின்படி, நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்பட்ட மனைவியைத் தவிர வேறு எந்த மனைவியையும் கணவன் பலவந்தப்படுத்துவது வன்புணர்வுக் குற்றம் ஆகாது. 1995ஆம் ஆண்டுத் திருத்தமும் அந்த இடத்தோடு நின்றுவிட்டது. சம்பள நாளில் குடித்துவிட்டு வருபவனிடம் அவள் தன் அட்டவணையைக் காட்டுவாளா?

அட்டன் மறையாசிரியர்

அக்கா, நீங்கள் வருணித்த கணவன் மாத்திரையைப் பற்றிய கேள்விக்கு வருமுன்பே இப்போதனையை மீறிவிட்டான் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். மனைவியின் நிலையையோ நியாயமான விருப்பத்தையோ பாராமல் அவள்மீது திணிக்கப்படும் உறவு அன்பின் செயல் அன்று என்று அதே சுற்றுமடலின் 13ஆம் பத்தி சொல்கிறது. கருத்தடையை விலக்கும் 14ஆம் பத்திக்கு முன்னால் அது நிற்கிறது. 1980 ஒக்டோபர் 8ஆம் திகதி உரையில் இரண்டாம் யோவான் பவுல், ஒருவன் தன் சொந்த மனைவியையே இச்சையைத் தீர்க்கும் பொருளாகப் பார்த்தால் அதுவும் உள்ளத்தில் செய்த விபசாரமே என்றார். அதற்காக உலகப் பத்திரிகைகள் அவரைக் கேலி செய்தன. திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் ‘அன்பின் மகிழ்ச்சி’ மடலில், மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்ற விவிலியத்தின் எபேசியர் திருமுக வசனத்தைப் பாலியல் அடிமைத்தனத்துக்குச் சான்றாகக் காட்டுவதை வெளிப்படையாக மறுத்தார்.

நாட்டின் சட்டம் குற்றம் என்று சொல்லத் தயங்கும் ஒன்றைத் திருச்சபை பாவம் என்று சொல்லியிருக்கிறது. மாத்திரை அந்தப் பெண்ணைக் கர்ப்பத்திலிருந்து காக்கலாம். அந்த இரவிலிருந்து காக்காது. கணவன் மாறவேண்டிய இடத்தில் அவளுடைய உடலை மாற்றிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நாம் போய்விடுகிறோம் என்பதே என் அச்சம்.

தலவாக்கலை இளையவன்

நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவன்; உங்கள் சபையின் உள்விவகாரத்தில் தலையிடுவதாக எண்ண வேண்டாம். தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் இது சொந்த விவகாரம்தான்.

எங்கள் பாட்டிமாரின் தலைமுறையில், பிள்ளைகள் போதும் என்று வெளியில் இருந்தவர்கள் முடிவுசெய்து பெண்களைக் கருத்தடை ஒப்பரேசனுக்கு ஏற்றிச் சென்ற கதைகள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. 1980களில் அரசாங்கம் அந்த அறுவைச் சிகிச்சைக்கு ஊக்கப்பணமும் கொடுத்தது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு முன்னால் பணத்தை வைத்துவிட்டு அதைச் சுயவிருப்பம் என்று அழைப்பது நேர்மையாகாது. ஆறாம் பவுலின் மடலை நான் தேடி வாசித்தேன். கருத்தடையை ஏற்றுக்கொண்டால் நாளை ஆட்சியாளர்கள் அதைக் குடிமக்கள்மீது சுமத்துவார்கள் என்று 17ஆம் பத்தி எச்சரிக்கிறது. எங்கள் மக்களின் அனுபவத்தை அறிந்த எவனும் அதை எளிதில் ஒதுக்கிவிட மாட்டான்.

ஆனால் துரையும் (தோட்ட நிர்வாகியும்) அதிகாரியும் அவளுடைய கருப்பையைப் பற்றி முடிவெடுத்தது தவறு என்றால், உரோமாபுரி முடிவெடுப்பது மட்டும் எப்படிச் சரியாகும்? இருபத்தெட்டு நாள்களில் பத்து நாளைக் கணித்து விலகியிருப்பவனும் பிள்ளை வேண்டாம் என்றே விலகுகிறான்; மாத்திரை எடுப்பவளும் பிள்ளை வேண்டாம் என்றே எடுக்கிறாள். நோக்கம் ஒன்றாக இருக்க, ஒன்று புண்ணியமாகவும் மற்றது பாவமாகவும் ஆவது எனக்கு விளங்கவில்லை.

மேலும், உடல் இவ்வளவு புனிதமானது என்றால் அந்தப் பேச்சு ஏன் கட்டிலோடு நின்றுவிடுகிறது? கூடையைத் தலையில் மாட்டிப் பல ஆண்டுகள் குனிந்து வளைந்த முதுகும், அட்டை கடித்த காலும், மலையில் கழிப்பறை இல்லாததால் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்ணின் சிறுநீரகமும் அதே உடல்தானே?

அட்டன் மறையாசிரியர்

தம்பி, நோக்கம் ஒன்றாக இருக்கலாம் என்பதைச் சுற்றுமடலே ஒப்புக்கொள்கிறது. திருச்சபை பார்ப்பது நோக்கத்தை மட்டும் அன்று, செய்கின்ற செயலையும். விலகியிருப்பவர்கள் ஓர் உறவைத் தவிர்க்கிறார்கள். கொள்ளும் உறவை முழுமையாகவே கொள்கிறார்கள். மற்றவர்கள் உறவைக் கொண்டே அதன் ஒரு பொருளை நீக்குகிறார்கள். இந்த வேறுபாடு பெரிதல்ல என்று நீங்கள் எண்ணலாம். இறப்பவரை இயற்கையாக இறக்க விடுவதற்கும் கொல்வதற்கும் முடிவு ஒன்றாக இருந்தும் நாம் வேறுபாடு காண்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு, உடலைப் பற்றிய அந்த உரைகளை ஆற்றிக்கொண்டிருந்த 1981ஆம் ஆண்டிலேயே அதே திருத்தந்தை மனித உழைப்பைப் பற்றியும் ஒரு சுற்றுமடல் எழுதினார். உழைப்பவர் உற்பத்திக் கருவி அல்லர் என்று அதில் வாதிட்டார். ஆனால் எங்கள் மறையுரைகளில் இந்த இரண்டும் ஒருபோதும் சந்திப்பதில்லை என்று நீங்கள் சொன்னால், அதை மறுக்க என்னிடம் சான்று இல்லை.

மாத்தளைக் குடும்பத்தவன்

நானும் மனைவியும் இயற்கை முறையைப் பின்பற்றுகிறோம். விலகியிருக்கும் நாள்கள் எளிதானவை என்று சொன்னால் அது பொய். என்றாலும், மனைவியின் உடலில் மாதந்தோறும் நடப்பதை நான் அறிந்துகொண்டது அதனால்தான். அதற்கு முன் அவளுக்கு எப்போது களைப்பு, எப்போது வலி என்று கேட்கவே எனக்குத் தோன்றியதில்லை. குடும்பக் கட்டுப்பாடு பெண்ணின் வேலை என்ற எண்ணம் எங்கள் வீட்டில் இல்லாமல் போயிற்று.

பண்டாரவளைத் தாதி

மாத்தளைத் தம்பி எழுதியதை நம்புகிறேன், மகிழ்கிறேன். அந்த வீட்டில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும், கேள்வி கேட்கும் கணவனும் இருக்கிறார்கள். அவை உள்ள இடத்தில் இந்த முறை நடக்கும் என்பதை நான் மறுக்கவேயில்லை.

தலவாக்கலைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. பணத்தைக் காட்டியும் விளக்கம் தராமலும் செய்யப்பட்ட ஒப்பரேசன்களை நான் அறிவேன், அவை அநீதி. ஆனால் நான்காவது பிரசவத்தில் செத்துப் பிழைத்து, இனிமேல் முடியாது மிஸ், எப்படியாவது செய்துவிடுங்கள் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சியவர்களையும் நான் அறிவேன். அவர்களையும் ஏமாற்றப்பட்டவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டால், அவர்கள் வாயிலிருந்து வந்த ஒரே முடிவையும் நாம் பறித்துவிடுகிறோம்.

ஆசிரியரிடம் ஒன்று கேட்கிறேன். அதிக இரத்தப்போக்குக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த ஹோர்மோன் மாத்திரையைப் பாவம் என்று பயந்து நிறுத்தி, இரத்தம் குறைந்து வார்டில் வந்து விழுந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நோய்க்கான சிகிச்சை, கருத்தரிப்பைத் தடுத்தாலும், அதுவே நோக்கமாக இல்லாதவரை தடையில்லை என்று அதே மடலின் 15ஆம் பத்தியில் இருக்கிறதே. அதை எந்த வகுப்பிலும் ஏன் ஒருவரும் சொல்லவில்லை? தடை மட்டும் மலையேறி வந்தது, விலக்கு வரவில்லை. 13ஆம் பத்தியும் வரவில்லை.

1963இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் கருத்தடையைப் பற்றி ஆராய அமைத்த ஆணைக்குழுவின் பெரும்பான்மையினர், மணமான பெண்களின் கருத்தையும் கேட்ட பிறகு, 1966இல் மாற்றத்தைப் பரிந்துரைத்தார்கள். ஆறாம் பவுல் அதை ஏற்கவில்லை. அவர் நல்மனத்தோடு முடிவெடுத்தார் என்று நம்புகிறேன். அந்தப் பெரும்பான்மையினரும் விசுவாசிகளே என்பதையும் நம்புகிறேன். மனச்சான்றுகளை உருவாக்கவே அழைக்கப்பட்டிருக்கிறோம், அவற்றின் இடத்தில் அமர அல்ல என்று பிரான்சிஸ் எழுதியதை நான் அந்த வழியில்தான் வாசிக்கிறேன்.

அட்டன் மறையாசிரியர்

மனச்சான்று என்பது உண்மையைத் தேடும் கடமை; போதனையிலிருந்து விடுபடும் அனுமதிச் சீட்டாக அதை வாசிக்க என்னால் முடியாது. ஆணைக்குழு ஆலோசனை சொல்லும் அமைப்பு, தீர்ப்பு திருத்தந்தையினுடையது. இந்த இரண்டிலும் நாம் உடன்படப் போவதில்லை.

15ஆம் பத்தியைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அடுத்த வகுப்பில் அதைச் சொல்வேன். 13ஆம் பத்தியை ஆண்களுக்குத் தனியாக, பெண்கள் இல்லாத அமர்வில் வாசிக்க வேண்டும் என்று பங்குத் தந்தையிடம் கேட்கிறேன். பொது வகுப்புக்கு ஒரு தாதியும் வர வேண்டும். நீங்கள் வருவீர்களா?

பண்டாரவளைத் தாதி

வருகிறேன். ஆனால் வகுப்பு முடிந்தபின் ஒரு பெண் என்னிடம் தனியே வந்து, கணவன் கேட்கமாட்டான், என்ன செய்வது என்று கேட்டால், கருத்தடை முறைகளைப் பெற அவளைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அனுப்புவேன். இதை உங்கள் பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் அவர் என்னை அழைத்தால், அட்டனுக்கு வருவதில் எனக்குத் தடையில்லை.