பேஜ் ஃபால்ட்டை யூசர் புரோகிராமே பார்த்துக்கொண்டால் கெர்னலுக்கு என்ன வேலை?

தர்மபுரி மாணவன்:
இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். அத்தியாவசிய வேலைகளை மட்டும் கெர்னலில் வைக்கும் மைக்ரோகெர்னல் பற்றி ஓஎஸ் பாடத்தில் அரைப் பக்கம்தான், அதில் "பேஜரை யூசர் ஸ்பேஸில் வைக்கலாம்" என்று ஒரு வரி (பேஜர் என்றால் தேவைப்படும் மெமரிப் பேஜைக் கொண்டுவந்து தருவது). இன்னும் மேப் ஆகாத பேஜைத் தொட்டு ஃபால்ட் வந்தாலே சிபியு கெர்னலுக்குள்தானே போகும், வெளியில் இருக்கும் புரோகிராம் அதை எப்படிக் கையாளும்? ஆளாளுக்கு மேப் செய்தால் ஒருவர் டேட்டாவில் இன்னொருவர் கை வைக்க மாட்டாரா?

ஓசூர் எம்பெடட்:
ஃபால்ட் கெர்னலுக்குத்தான் வரும் தம்பி. எல்4 என்ற மைக்ரோகெர்னல் அதை ஐபிசி (புரோகிராம்களுக்கு இடையே போகும்) மெசேஜாக்கி, எந்த முகவரி, படிக்கவா எழுதவா, இன்ஸ்ட்ரக்‌ஷன் எங்கே நின்றது என்று அந்தத் த்ரெட்டின் பேஜருக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். பேஜர் ஒரு ஃபிரேமை, அதாவது பேஜ் அளவு நிஜ மெமரித் துண்டை, கொடுத்துப் பதில் போட்டால் த்ரெட் விட்ட இடத்திலிருந்து ஓடும். தன்னிடம் இல்லாத பேஜை யாரும் அடுத்தவருக்குத் தர முடியாது, அதைப் பார்த்துக்கொள்வதுதான் கெர்னலின் வேலை. 1990களில் எல்4-ஐ உருவாக்கிய லீட்கே வைத்த ஏற்பாட்டில் தொடக்கத்தில் மெமரி சிக்மா0 என்ற முதல் பேஜர் கையில் இருக்கும், அங்கிருந்து கைமாறிக் கைமாறி வரும். நம்ம பக்கம் மாந்தோப்புக் குத்தகை மாதிரிதான், மேலே இருப்பவர் ரத்து செய்தால் உள்குத்தகை எல்லாம் சேர்ந்தே போகும்.

பழைய ஹர்ட் ரசிகர்:
எக்ஸ்டர்னல் பேஜர் 1980களில் மாக் என்ற கெர்னலிலேயே இருந்தது, ஹர்ட் என்ற ஓஎஸ் இன்றும் அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் மூல மாக்கில் எந்தப் பேஜை வெளியேற்றுவது என்று முடிவு செய்தது கெர்னல். பேஜர் டேட்டாவைக் கொண்டுவரவும் எழுதி வைக்கவும் மட்டும்தான். டேட்டாபேஸுக்கு ஏற்ற மாதிரி வெளியேற்றும் முறையை மாற்றலாம் என்று போனால் கை கட்டி நிற்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் அது பாதி சுதந்திரம்.

தர்மபுரி மாணவன்:
நன்றி அண்ணா. எல்4 குடும்பத்து எஸ்இஎல்4 கெர்னலைப் போட்டுப் பார்த்தேன், ஃபிரேமை மேப் செய்தால் ஃபெயில்டு லுக்அப் என்று வருகிறது. ஃபிரேம் சரியாகத்தானே இருக்கிறது?

ஓசூர் எம்பெடட்:
ஃபிரேம் சரி, நடுவில் முகவரியை ஃபிரேமோடு இணைக்கும் பேஜ் டேபிள் இல்லை. லினக்ஸ் அதைத் தானே உருவாக்கிவிடும், எஸ்இஎல்4 உருவாக்காது. அன்டைப்டு (இன்னும் எதற்கும் ஒதுக்காத) மெமரியை ரீடைப் செய்து, அதாவது டேபிளாக மாற்றி, எக்ஸ்86-64-இன் ஒவ்வொரு நிலை டேபிளையும் மேலிருந்து நீங்களே மேப் செய்யணும், 4 கேபி ஃபிரேம் கடைசியில்தான். அப்புறம் பேஜரின் கோடு, ஸ்டாக் எல்லாம் முன்னாடியே மேப் ஆகியிருக்கட்டும். தன் ஃபால்ட்டுக்குத் தானே பேஜர் என்றால் அது வராத பதிலுக்குக் காத்துக்கொண்டே நிற்கும், டீபக்கரில் பார்த்தாலும் சட்டென்று பிடிபடாது. இதெல்லாம் பாரமாக இருந்தால் முதலில் ஃபால்ட்டை யூசர் புரோகிராமே கையாள விடும் லினக்ஸின் யூசர்ஃபால்ட்எஃப்டி எடுங்கள், 2015-இல் 4.3 கெர்னலில் வந்தது, ஒரு லேப்டாப்பே போதும்.