மொட்டைமாடித் தொட்டி சென்சார்: டீப் ஸ்லீப் போட்டும் பேட்டரி நிற்கவில்லை, எந்த மோடு சரி?

சம்ப்_காவலன்:
மடிப்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கீழேயிருந்தே பார்க்க ஒரு கருவி செய்திருக்கிறேன். லாரித் தண்ணீரை மேலே ஏற்றும்போது மோட்டாரைப் போட்டுவிட்டு யாராவது மறந்துவிடுவார்கள். காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் மாடியிலிருந்து கொட்டும். வைஃபை உள்ள ஈஎஸ்பி32 சிப்பின் டெவ் போர்டு, ஒலியலையால் தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 சென்சார், 2600 எம்ஏஎச் 18650 லித்தியம் செல் ஒன்று, செல்லின் வோல்டேஜை உயர்த்தி இரண்டுக்கும் 5 வோல்ட் தர ஒரு பூஸ்ட் மாட்யூல். 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, அளந்து, வைஃபையில் அனுப்பிவிட்டு டீப் ஸ்லீப்புக்குப் (சிப்பின் பெரும்பகுதி அணைந்து தூங்கும் மோடு) போகிறது. டேட்டாஷீட்டில் டீப் ஸ்லீப் 10 மைக்ரோஆம்ப் என்று இருக்கிறது. ஆனால் செல் ஒரு வாரம்தான் தாங்குகிறது. அதைவிட ஆழமான ஹைபர்னேஷன், லேசான லைட் ஸ்லீப் என்று வேறு இருக்கிறதே, மாறலாமா? மாடியில் பிளக் பாயின்ட் கிடையாது.

ஈயப்புகை:
மோடு சரியாகத்தான் இருக்கிறது ப்ரோ, போர்டுதான் தின்கிறது. 10 மைக்ரோஆம்ப் என்பது சிப்புக்கு மட்டும். போர்டில் 5 வோல்ட்டை 3.3 ஆகக் குறைக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கவே 5 மில்லிஆம்ப் கேட்கும். அப்புறம் அந்தச் சிவப்பு எல்இடி, யூஎஸ்பி சிப், அளக்காதபோதும் 2 மில்லிஆம்ப் இழுக்கும் சென்சார்.

தூங்கும்போது செல்லிலிருந்து எவ்வளவு போகிறது என்று மீட்டரைத் தொடரில் போட்டுப் பாருங்கள். மில்லிஆம்ப் ரேஞ்சில் ஆரம்பியுங்கள். மைக்ரோஆம்ப் ரேஞ்சில் இருக்கும்போது போர்டு எழுந்தால் மீட்டருக்குள்ளேயே வோல்டேஜ் விழுந்து, போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். எழும் நேரத்தில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் ஷார்ட் செய்து, தூங்கியதும் எடுத்துவிடுங்கள்.

சம்ப்_காவலன்:
14 மில்லிஆம்ப் காட்டுகிறது!

ஈயப்புகை:
2600-ஐ 14-ஆல் வகுத்தால் சுமார் 185 மணி நேரம், எட்டு நாள்கூட இல்லை. உங்கள் ஒரு வாரம் வந்துவிட்டதா? இதில் ஹைபர்னேஷன் போட்டு 5 மைக்ரோஆம்ப் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது.

டெவ் போர்டை விட்டுவிட்டு வெறும் வ்ரூம் மாட்யூலுக்குப் (அதே ஈஎஸ்பி32 சிப், கூடுதல் பாகங்கள் இல்லாமல்) போங்கள். ரிச்சி தெருவில் எச்டி7833 ரெகுலேட்டர் கேட்டுப் பாருங்கள், அது தனக்கென்று எடுப்பது சில மைக்ரோஆம்ப்தான். வைஃபை கிளம்பும் நொடியில் கரண்ட் குபீரென்று ஏறும், அதனால் பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. பூஸ்ட் மாட்யூல் இனி சென்சாருக்கு மட்டும். அதையும் தூங்கும்போது பி-சானல் மாஸ்ஃபெட்டால் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) துண்டித்துவிடுங்கள். ஆனால் அதன் கேட்டை (கட்டுப்படுத்தும் முனை) நேராக ஜிபிஐஓவில், அதாவது சிப்பின் பின்னில், மாட்டாதீர்கள். செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட், பின் தருவது 3.3, மாஸ்ஃபெட் முழுதாக அணையாது. கேட்டை ரெசிஸ்டரால் செல்லின் பாசிட்டிவுக்கு இழுத்து, நடுவில் சின்ன என்-சானல் மாஸ்ஃபெட் ஒன்று போடுங்கள்.

அடையாறு_ஓம்ஸ்:
அவர் சொன்னதைச் செய்த பிறகுதான் மோடு பற்றிய கேள்விக்கே அர்த்தம் வரும். எழுந்து அனுப்ப 4 நொடி, சராசரி 120 மில்லிஆம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடத்தில் பரப்பினால் 0.8 மில்லிஆம்ப். லைட் ஸ்லீப் தூக்கத்திலேயே கிட்டத்தட்ட அவ்வளவு எடுக்கும், அதனால் வேண்டாம். விட்ட இடத்திலிருந்து சட்டென்று தொடர்வதுதான் அதன் பலன். நொடிக்கு நொடி எழும் கருவிக்கு அது சரி, தண்ணீர்த் தொட்டிக்கு எதற்கு?

மிச்சம் பிடிக்க வேண்டியது வைஃபையில். கடைசி அளவைச் சிப்பின் ஆர்டிசி மெமரியில் வைத்துக்கொள்ளுங்கள், டீப் ஸ்லீப்பிலும் அழியாது. எழுந்ததும் வைஃபையைத் தொடாமல் அளக்கட்டும், 3 செ.மீ.க்கு மேல் மாறியிருந்தால் மட்டும் அனுப்பட்டும். கருவி உயிரோடு இருக்கிறது என்று தெரிய, எப்படியும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பட்டும்.

ஒன்று கேட்கிறேன், மோட்டார் ஓடும்போது 10 நிமிடம் என்பது அதிகம் இல்லையா? தொட்டி வழிந்த பிறகு செய்தி வந்து என்ன பயன்? மட்டம் ஏறுகிறது என்று தெரிந்தால் நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்புங்கள், ஏறாதபோது 5 நிமிடம் போதும். டைமர் மதிப்பை ஒவ்வொரு தூக்கத்துக்கு முன்பும் மாற்றிக்கொள்ளலாம்.

சம்ப்_காவலன்:
ரொம்ப நன்றி. மாற்றிவிட்டேன், தூக்கத்தில் இப்போது 60 மைக்ரோஆம்புக்குக் கீழே. சோலார் பேனல் ஒன்றையும் டிபி4056 சார்ஜர் மாட்யூலையும் சேர்த்துவிடட்டுமா?

ஈயப்புகை:
இந்தக் கரண்டுக்கு சோலார் தேவையே இல்லை. தவிர, லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. மே மாத மாடியில் மூடிய பெட்டிக்குள் அதைத் தாண்டிவிடும். செல்லைத் தொட்டியின் நிழல் பக்கம் வையுங்கள், காலியானால் கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் செய்யுங்கள்.