தானியங்கி கேமராவில் புல்தான் பதிகிறது. பூமாவுக்கு வால் மட்டும்

மலையோரம்:
கலிபோர்னியாவில் சான்டா குரூஸ் மலைப்பகுதியில் வசிக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் மான்கள் நடக்கும் தடத்தில் தானியங்கி கேமரா ஒன்றைக் கட்டி மூன்று வாரம் ஆகிறது. மொத்தம் 1,400 படங்கள். இரண்டில் பூமாவின் (மலைச்சிங்கம் என்கிறார்களே, அந்தப் பெரிய காட்டுப்பூனை) வால், ஐந்தில் மான், ஒன்றில் சாம்பல் நரி. மீதியெல்லாம் வெறும் புல். இரவில் வந்த மான்களின் முகமோ சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கிறது. கருவி பழுதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

சருகு:
பொறுங்கள். புல் படங்கள் எந்த நேரத்தில் பதிந்தவை? கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது?

மலையோரம்:
ஏறத்தாழ எல்லாமே பிற்பகல் ஒரு மணிக்கு மேல். மேற்குப் பார்த்து, நெஞ்சு உயரத்தில் கட்டியிருக்கிறேன். தடம் நேர் எதிரே, ஒன்றரை மீட்டரில்.

சருகு:
அப்படியென்றால் கருவியின் மேல் குற்றமில்லை. சுற்றுப்புறத்தைவிட வெப்பம் மாறுபட்ட ஏதாவது குறுக்கே அசைந்தால் அதன் உணரி விழித்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்து காற்றில் ஆடும் புல்லும் அதற்கு விலங்குதான். முன்னால் இருக்கும் புல்லை அறுத்துவிட்டு, கேமராவை வடக்கே திருப்புங்கள். உணரி விழித்துப் படமெடுப்பதற்குள் பூமா கடந்துவிடுவதால்தான் வால் மட்டும் சிக்குகிறது. நான்கு மீட்டர் தள்ளி, தடத்தைச் சாய்வாக 45 பாகையில் பார்க்கும்படி கட்டுங்கள். முகம் வெளுப்பதும் அதோடு நிற்கும். இரவில் கேமரா பாய்ச்சும் அகச்சிவப்பு ஒளி அவ்வளவு நெருக்கத்தில் படத்தை வெளுக்கத்தான் செய்யும்.

முதுமலைக்காரன்:
உயரம் முழங்கால் அளவு போதும். இன்னொன்று: ஆண் பூமா பின்னங்கால்களால் சருகைச் சுரண்டிச் சிறு குவியலாக்கிவிட்டுப் போகும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் கேமராவை அங்கே மாற்றுங்கள். இறைச்சி வைத்து வரவழைக்க மட்டும் நினைக்காதீர்கள்.

மலையோரம்:
இரண்டு வால்களும் ஒரே பூமாவுடையவையா?

முதுமலைக்காரன்:
வாலை வைத்து ஜாதகம் கணிக்க முடியாது ஐயா! எங்கள் பக்கம் புலிக்குக் கோடு இருக்கிறது, சிறுத்தைக்குப் புள்ளி இருக்கிறது. இரண்டு விலாவும் பதிய எதிரெதிரே இரண்டு கேமரா கட்டுவார்கள். பூமாவுக்குக் குட்டிப்பருவத்தோடு புள்ளிகள் போய்விடும். பிறகு ஒரே நிறம். காதுக் கிழிசல், வால் முறிவு, ஆய்வாளர்கள் மாட்டிய கழுத்துப்பட்டை என்று ஏதாவது அகப்பட்டால்தான் உண்டு.

மலையோரம் (பத்து நாள் கழித்து):
61 படங்கள், அவற்றில் புல் நான்குதான். பூமா முழுதாக வந்திருக்கிறது, இடது காதில் சிறு வெட்டு. அடுத்த படத்தில் வெறும் மூக்கு. கேமராவை முகர்ந்து பார்த்திருக்கிறது.

சருகு:
கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள்.