பொருள்: கணையப் புற்றின் 'பயோமார்க்கர்' – 'காட்டி' வேண்டாமே

மருத்துவச் சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். நோய் இருக்கலாம் என்பதற்கு அறிகுறியாக உடலில் அளக்கக்கூடிய பொருளே 'பயோமார்க்கர்'. நம் கையேட்டுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

'புற்றுகாட்டி' என்று திருமங்கலம் ஐயா முன்மொழிந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. திசைகாட்டி வடக்கைக் காட்டியாக வேண்டும். கணையப் புற்றுக்காக இரத்தத்தில் அளக்கும் சிஏ 19-9 அந்த அளவுக்கு நம்பகமானதன்று. பித்தநாளம் அடைத்துக் காமாலை வந்தாலும் அது ஏறும். கணைய அழற்சியிலும் ஏறும். நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு, சிஏ 19-9 உருவாகத் தேவையான 'லூயிஸ்' என்னும் இரத்த வகை அமையாத காரணத்தால், புற்று முற்றிய பிறகும் அது ஏறுவதில்லை. காமாலையோடு வரும் முதியவரின் அறிக்கையில் 'புற்றுகாட்டி: மிகை' என்று அச்சடித்துக் கொடுத்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்?

'குறி' என்று சுருக்கலாம் என்றார் இன்னொருவர். உசிலம்பட்டிப் பக்கம் குறி சொல்ல ஏற்கெனவே கோடாங்கி இருக்கிறார். ஆய்வகம் அவருக்குப் போட்டியாக வேண்டாம்.

என் முன்மொழிவு: தடயப் புரதம். தடயம் கிடைத்தால் விசாரணை தொடங்கும், தீர்ப்பு எழுதப்படாது. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, திசுப் பரிசோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

– ஆய்வக மருத்துவர், மதுரை

* * *

அம்மா, 'காட்டி'யைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சிஏ 19-9 புரதமே அன்று; புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் தொடர். அதை எப்படித் தடயப் புரதம் என்பது? 'குருதித் தடயம்' என்று பொதுவாக வைக்கலாமா?

– தமிழாசிரியர், திருமங்கலம்

* * *

ஐயா, சர்க்கரை பற்றிச் சொன்னது சரி. ஆனால் 'குருதித் தடயம்' என்றதும் கொலை வழக்குச் செய்திதான் நினைவுக்கு வருகிறது! பொதுச்சொல்லாகத் 'தடயப்பொருள்' இருக்கட்டும். சிஏ 19-9 அதில் அடங்கும். புரதமாகவே இருப்பவற்றுக்கு மட்டும் 'தடயப் புரதம்'. எடுத்துக்காட்டு, திராம்போஸ்பான்டின்-2. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2017-இல் அதை சிஏ 19-9 உடன் சேர்த்து அளந்து, தனித்தனியே அளப்பதைவிட இணை நன்றாகக் கண்டுபிடிக்கிறது என்று வெளியிட்டது. இப்படிச் சேர்த்து அளப்பதைத் 'தடயத் தொகுதி' எனலாம்.

எல்லோருக்கும் இதைச் சோதித்துவிடலாமே என்று கேட்ட இளைஞருக்கு ஒரு கணக்கு. ஒரு இலட்சம் பேரில் 10 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயற்றவர்களில் நூற்றுக்கு 99 பேரைச் சரியாக விடுவிக்கும் சோதனைகூட ஏறத்தாழ 1,000 பேரைக் காரணமின்றிக் கலங்கடிக்கும். ஆகவே, குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள், 50 வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை நோய் வந்து எடையும் குறைபவர்கள், நாள்பட்ட கணைய அழற்சிக்காரர்கள் ஆகியோரிடம்தான் தடயம் தேடுவது பயன் தரும். நம் தென்னிந்தியாவில் கணையத்தில் கல் சேரும் அழற்சி கொஞ்சநஞ்சமன்று.

கையேட்டில் இம்மூன்று சொற்களையும் சேர்க்கிறேன். நோயற்றவரைச் சரியாக விடுவிக்கும் அந்தத் திறனுக்குத் 'தனித்தன்மை' என்று பாடநூலில் பார்த்தேன், பொருந்தவில்லை. ஐயா, அதற்குத் தனி உரையாடல் இழை தொடங்குங்கள்.