வெற்றிலை காய்கறி இல்லை, இஞ்சி மட்டும் எப்படிக் காய்கறி?

ஜூனியர்_கோப்பு:
வணக்கம். ஒரு பொருள் வரிப் பட்டியலின் எந்த இனத்தில் வரும் என்று சண்டை போடும் வகைப்பாட்டு அப்பீல்களில் எல்லோரும் "காமன் பார்லன்ஸ்", அதாவது அன்றாடப் பேச்சில் உள்ள பொருள், என்கிறார்கள். தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் படித்தால் தலை சுற்றுகிறது. 1961-இல் ராமாவதார் வழக்கில் வெற்றிலை காய்கறி இல்லை. 1977-இல் வாஷி அகமது வழக்கில் பச்சை இஞ்சி காய்கறி. நெல் வேறு, அரிசி வேறு என்று ஒரு தீர்ப்பு. அவலும் பொரியும் அரிசிதான் என்று இன்னொன்று. எல்லாமே உச்ச நீதிமன்றம்தான். மேல்முறையீட்டு மனுவில் ஒரு சொல்லின் பொருளை எந்த வரிசையில் வாதிடுவது? அகராதிப் பக்கங்களை இணைத்தால் பயன் உண்டா?

பழைய_அட்டவணை:
சொல்லை மட்டும் பார்த்தால் சுற்றத்தான் செய்யும். அட்டவணையில் அது எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

ராமாவதார் வழக்கு 1947-ஆம் ஆண்டின் மத்திய மாகாண, பேரார் விற்பனை வரிச் சட்டத்தில் எழுந்தது. வரி விலக்குப் பட்டியலில் 6-வது இனம் 'வெஜிடபிள்ஸ்', 36-வது இனம் வெற்றிலை. 1948 திருத்தம் 36-ஐத் தூக்கிவிட்டது. வியாபாரி 6-வது இனத்துக்குள் நுழையப் பார்த்தார். தமிழில் 'காய்கறி' என்று படித்தால் அவர் வாதமே புரியாது. ஆங்கிலத்தில் 'வெஜிடபிள்' என்றால் செடிகொடி இனம் முழுவதும் என்றும் ஒரு பொருள் உண்டு, அகராதியில் அதைத்தான் காட்டினார். தாவரவியல் பொருள் வேண்டாம், அன்றாடம் வாங்கி விற்பவர் பேச்சில் என்ன பொருளோ அதுவே என்றது நீதிமன்றம். இரண்டையும் முன்பு தனித்தனி இனமாக வைத்திருந்ததும் வியாபாரிக்கு எதிராகப் போனது.

வாஷி அகமது வழக்கில், வங்காளச் சட்டத்தின் இனமே வேறு மாதிரி: 'சப்ஜி, தர்க்காரி, சாக் எனப் பொதுவாக அறியப்படுபவை'. கடைப்பேச்சைச் சட்டமே உள்ளே இழுத்துக்கொண்டது. இஞ்சி தனிக் கறியாகாவிட்டாலும் சாப்பாட்டில் துணையாக வருகிறது; காய்கறிக்காரரும் வீட்டுக்கு வாங்கிப்போகிறவரும் அதைக் காய்கறி என்றே நினைப்பார்கள் என்பது தீர்ப்பு.

நெல், பொரி விஷயத்தில் இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்கிறீர்கள். கணேஷ் டிரேடிங் (1973) வழக்கில் கேள்வி, வாங்கிய நெல்லைக் குத்தி அரிசியாக்கிய பிறகும் அது அதே பொருள்தானா என்பது. இல்லை என்றார்கள். அல்லாடி வெங்கடேஸ்வரலு (1978) வழக்கில் கேள்வி, 'அரிசி' என்ற சொல்லுக்குள் அடுகுலுவும் மரமராலுவும், அதாவது நம் அவலும் பொரியும், அடங்குமா என்பது. அடங்கும் என்றார்கள். இதை நம்பி அரைத்த மாவுக்கு வாதாடப் போகாதீர்கள்: 1993-இல் ராஜஸ்தான் ரோலர் ஃப்ளவர் மில்ஸ் வழக்கில் கோதுமை என்பதில் மாவு, மைதா, ரவை வராது என்று தீர்ந்துவிட்டது.

தலைப்பு_1513:
மேலே சொன்னவை பெரும்பாலும் பழைய விற்பனை வரிக் காலம். பொருள்களை எண்ணிட்ட தலைப்புகளாகப் பிரிக்கும் இப்போதைய வரிக் கட்டணப் பட்டியலில் நேரே கடைப்பேச்சுக்குத் தாவினால் அடி விழும். முதலில் தலைப்பின் வாசகம், பிறகு பிரிவுக் குறிப்பு, அத்தியாயக் குறிப்பு. இவை பதில் சொல்லாத இடத்தில்தான் காமன் பார்லன்ஸ்.

தேங்காய் எண்ணெய்யையே பாருங்கள். சேலம் கலால் ஆணையர் எதிர் மதன் அக்ரோ வழக்கு. சின்னப் பாக்கெட்டில் வரும் சுத்தமான எண்ணெய் 1513-ஆம் தலைப்பில் சமையல் எண்ணெய்யா, 3305-ஆம் தலைப்பில் தலைக்குத் தேய்ப்பதா? 2018-இல் இரு நீதிபதிகள் பிரிந்தார்கள்: கோகோய் சமையல் எண்ணெய் என்றார், பானுமதி தலைமுடி எண்ணெய் என்றார். 2024 டிசம்பர் 18 அன்று மூவர் அமர்வு முடித்துவைத்தது. பாக்கெட் சின்னது என்பதாலேயே தலைக்கு என்று ஆகிவிடாது. தலைமுடி எண்ணெய் என்று ஆக, 33-ஆம் அத்தியாயக் குறிப்பு கேட்கிறபடி அந்தப் பயனுக்கென விற்கும் பேக்கிங்காக, லேபிளோ வேறு அடையாளமோ அதைக் காட்டுவதாக இருக்க வேண்டும். நம் வீட்டில் ஒரே பாட்டிலிலிருந்து தோசைக்கும் தலைக்கும் எடுப்பது வேறு விஷயம்.

எதிர்ப்பக்கம் ஒன்று: அக்பர் பத்ருதீன் ஜிவானி (1990). சந்தையில் மார்பிள் என்று விற்கிற சுண்ணக்கல் பலகைகள். பட்டியலே மார்பிளையும் மற்றச் சுண்ணக்கற்களையும் பிரித்துச் சொன்னதால் கனிமவியல் பொருள்தான் வென்றது.

ஜூனியர்_கோப்பு:
அப்படியானால் மனுவோடு எதை இணைப்பது?

அப்பீல்_மேசை:
அகராதியைக் கடைசியில் வையுங்கள். ஒரு சொல்லுக்கு ஏழு பொருள் இருக்கும். நீங்கள் இரண்டாவதைக் காட்டினால் எதிர்த்தரப்பு ஐந்தாவதைக் காட்டும். எடைபோடுவது இவை: விற்பனை பில்லில் பொருளுக்கு என்ன பெயர், லேபிளின் இரண்டு பக்கப் படம், யார் வாங்குகிறார் என்பதற்கான ஆர்டர்கள், சம்பந்தமில்லாத இரண்டு மூன்று வியாபாரிகளின் பிரமாண வாக்குமூலம். உங்கள் கட்சிக்காரரே கையெழுத்திட்ட வாக்குமூலத்துக்கு மதிப்பு குறைவு.

பெரும்பாலோர் சறுக்குவது நேரத்தில். இவற்றை வரித் துறையின் நோட்டீசுக்குப் பதில் தரும்போதே கொடுத்துவிட வேண்டும். ஜிஎஸ்டியில் விதி 112 மேல்முறையீட்டில் புதிய சான்றுகளுக்குக் கடிவாளம் போடுகிறது. கீழே ஏன் தரமுடியவில்லை என்று காட்டினால்தான் ஏற்பார்கள். உயர் நீதிமன்றம் போனால் பிரிவு 117-படி கணிசமான சட்டக் கேள்வி வேண்டும், அங்கே லேபிளைப் புதிதாக நீட்ட முடியாது.

வரையறை இருந்தால் வினைச்சொல்லைப் பாருங்கள். 'என்றால் பொருள்' என்று இருந்தால் பட்டியல் மூடிவிட்டது. 'உள்ளடக்கும்' என்று மட்டும் இருந்தால் சாதாரணப் பொருளோடு இன்னும் சேர்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் மூடியதாகவே படிப்பார்கள்.

இன்னொன்று. உங்கள் இனம் வரி விகித அட்டவணையில் இருக்கிறதா, விலக்கு அறிவிக்கையில் இருக்கிறதா? திலீப் குமார் (2018) வழக்கில் ஐவர் அமர்வு சொன்னது: வரி விதிக்கும் பிரிவில் சந்தேகம் வந்தால் பலன் வரி செலுத்துபவருக்கு, விலக்கு அறிவிக்கையில் வந்தால் அரசுக்கு. வகைப்பாட்டை நிரூபிக்கும் பொறுப்பு பொதுவாகத் துறையுடையது. விலக்கு கேட்டால் அது உங்கள் தலையில். பல மனுக்களில் இந்த இரண்டும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கும். தனித்தனிக் காரணங்களாக எண் போட்டு எழுதுங்கள்.